அகன்ற கழுத்துள்ள மூளை அனியூரிசம்: ஸ்டென்ட் வைத்துக் கொயில் நிரப்பலாமா?

சுன்னாகத்து மகள், ஆகஸ்ட் 9

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. பத்து ஆண்டுகளாகக் குருதி அமுக்கத்துக்குக் குளிசை எடுக்கிறார். வேறு நோய் எதுவும் இல்லை. அடிக்கடி தலைச்சுற்று வந்ததால் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், யாரும் தேடாத ஒன்று அகப்பட்டிருக்கிறது. வலப்பக்க உட்கழுத்து நாடியிலிருந்து பின் இணைப்பு நாடி பிரியும் இடத்தில் 8 மி.மீ. அளவான ஓர் அனியூரிசம், அதாவது நாடிச் சுவர் பை போல் புடைத்திருப்பது, இருக்கிறது; அதன் கழுத்து, அதாவது பை நாடியோடு சேரும் வாய், 5 மி.மீ. கொழும்புக்குக் கூட்டிச்சென்று ஆஞ்சியோகிராம் (நாடிகளைக் காட்டும் எக்ஸ்ரே படம்) செய்தோம். அங்கே பார்த்த வைத்தியர், பையை நிரப்பும் கம்பிச் சுருளான கொயில் மட்டும் நிற்காது, நாடிக்குள் விரியும் வலைக்குழாயான ஸ்டென்டும் வைக்க வேண்டும் என்று சொல்லி, யோசித்து முடிவு சொல்ல ஒரு மாதம் தந்திருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. கனடாவிலுள்ள மாமா, தலையைத் திறந்து, பையின் கழுத்தைக் கவ்வி மூடும் கிளிப் போடுவதுதான் நிரந்தரம் என்கிறார். தலைச்சுற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று வைத்தியரே சொன்ன பிறகு அதை ஏன் தொட வேண்டும் என்பது தம்பியின் கேள்வி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கும் பெரியப்பாவோ, அடைப்பே இல்லாத நாடியில் ஸ்டென்டுக்கு என்ன வேலை என்று கேட்கிறார். அவருக்குக் கூட என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விடயம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மானிப்பாய் அக்கா, ஆகஸ்ட் 9

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற தாதி. சத்திரசிகிச்சை விடுதியில் நீண்ட காலம் வேலை செய்தவள். மற்றவர்கள் விரிவாக எழுதுவார்கள். நான் அவசரமான ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அனியூரிசம் இருக்கும் அந்த இடத்துக்கு அருகாகவே கண்ணை அசைக்கும் மூன்றாம் மூளை நரம்பு போகிறது. முடிவெடுக்கும் இந்த ஒரு மாதத்துக்குள் அம்மாவின் வலக் கண்மடல் திடீரெனச் சரிந்தாலோ, கண்மணி விரிந்து நின்றாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, பை பெருத்து நரம்பை அழுத்துகிறது என்று எண்ணி அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாழ்நாளில் அனுபவித்திராத தலையிடி நொடிப்பொழுதில் உச்சத்துக்கு ஏறினாலும் அப்படியே. பனடோல் கொடுத்துவிட்டு விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம்.

உடுப்பிட்டியான், ஆகஸ்ட் 10

யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்துவிட்டு, இப்போது வெளிநாடொன்றில் நரம்புக் கதிரியக்கத் துறையில் பணியாற்றுகிறேன். உங்கள் அம்மாவின் படங்களைப் பார்க்காமல் எழுதுவதால், இதை மருத்துவ ஆலோசனையாகக் கொள்ளாமல், வைத்தியரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கான விளக்கமாகக் கொள்ளுங்கள்.

பெரியப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது மிக நல்ல கேள்வி. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட், சுருங்கிய குழாயை உள்ளிருந்து விரித்துத் தாங்குவதற்கானது. இங்கே குழாய் சுருங்கவில்லை. நாடி கிளை பிரியும் இடத்தில் குருதி ஓயாமல் மோதி, சுவர் மெலிந்து, வெளிப்புறமாகப் பை போல் தள்ளியிருக்கிறது. அந்தப் பைக்குள் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள்களை அடுக்கினால் குருதியின் வேகம் அடங்கி, உள்ளிருப்பது உறையும். பிறகு நாடிக்குள் ஓடும் குருதி பைக்குள் நுழையாது. இதுதான் கொயில் சிகிச்சை.

வாய் ஒடுங்கிய குடத்துக்குள் கயிற்றைச் சுற்றிச் சுற்றி விட்டால் அது உள்ளேயே கிடக்கும். அகன்ற சட்டிக்குள் விட்டால் விளிம்பைத் தாண்டி வெளியே வரும். கழுத்து 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, பையின் அகலம் கழுத்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறைவாக இருந்தாலோ அதை அகன்ற கழுத்து என்கிறோம். நீங்கள் தந்த 8 மி.மீ. பையின் அகலமே என்று கொண்டால், 8ஐ 5ஆல் வகுக்க 1.6 வருகிறது. ஆகவே இது சட்டி. கொயில் நழுவி நாடிக்குள் தொங்கினால், அதில் குருதிக் கட்டி படிந்து பக்கவாதம் வரலாம். அதைத் தடுக்க, கழுத்துக்குக் குறுக்காக நாடிக்குள் ஒரு வலைக்குழாயை விரிக்கிறார்கள். நம்மூர்க் கதியால் வேலியை நினைத்துக்கொள்ளுங்கள்: காற்று போகும், மாடு போகாது. குருதி அந்த வலையினூடாகப் பக்கக் கிளைகளுக்குப் போகும். கொயில் வெளியே வராது. நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினோல் என்ற உலோகத்தால் செய்யப்படும் இந்த வலை, மடித்து நுண்குழாய்க்குள் அனுப்பினாலும் வெளியே வந்ததும் தன் பழைய உருவத்துக்கு விரிந்துவிடும்.

வேலை நடக்கும் முறையையும் சொல்கிறேன். பொது மயக்கம் கொடுத்து, தொடை நாடியிலோ மணிக்கட்டு நாடியிலோ குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி தொண்டைப் பக்கத்து நாடி வரை கொண்டு போவார்கள். அதற்குள்ளால் ஒரு நுண்குழாயைப் பைக்குள் நிறுத்திவிட்டு, இன்னொன்றினூடாக ஸ்டென்டை விரிப்பது பரவலான முறை. அப்போது முதல் நுண்குழாய் ஸ்டென்டுக்கும் நாடிச் சுவருக்கும் இடையில் சிறைப்பட்டு அசையாமல் நிற்கும். பிறகு அதன் வழியே கொயில்களை ஒவ்வொன்றாக விடுவார்கள். கழற்றிவிடக்கூடிய இந்தக் கொயிலை உருவாக்கியவர் கீடோ குக்லியெல்மி என்ற இத்தாலிய வைத்தியர். லொஸ் ஏஞ்சலிசில் 1990 இல் முதல் நோயாளிக்கு வைத்தார். கொயிலைத் தள்ளிச் செல்லும் உருக்குக் கம்பியினூடாக மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பினால், இணைப்பிலுள்ள உருக்கு குருதியில் கரைந்து போகும், பிளாட்டினம் கரையாமல் உள்ளே தங்கும். இடம் சரியில்லை என்றால், மின்னோட்டம் கொடுப்பதற்கு முன்பு எத்தனை முறையும் திரும்ப இழுக்கலாம். அகன்ற கழுத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் மூளை ஸ்டென்டான நியூரோஃபோர்முக்கு அமெரிக்காவில் 2002 இல் அனுமதி கிடைத்தது.

இன்னொன்று. பை முழுவதும் உலோகத்தால் நிரம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நெருக்கமாக அடுக்கினாலும் கொயில் பிடிப்பது கொள்ளளவின் நான்கில் ஒரு பங்கு அளவுதான். மிகுதி உறைந்த குருதி. அதனால்தான் காலப்போக்கில் கொயில் அமுங்கி, கழுத்துப் பக்கம் மீண்டும் நிரம்பும் வாய்ப்பு இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தால் அந்த வாய்ப்புக் குறைகிறது, ஏனென்றால் வலையின் மேல் நாளடைவில் நாடியின் உட்தோல் படர்ந்து கழுத்தை மூட உதவுகிறது.

வேலணையான், ஆகஸ்ட் 10

உடுப்பிட்டியான் ஐயா அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் கொயில் பக்கமாகவே எழுதியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. என் மனைவிக்கு அனியூரிசம் வெடித்த பின் கிளிப் போட்டார்கள். ஒரே தடவை, அத்துடன் முடிந்தது. கொயில் வைத்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை என்று படம் எடுக்கத் திரிகிறார்கள். குருதியை இளக்கும் குளிசையை விடவும் முடியாமல் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர். இந்த அலைச்சலையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

உடுப்பிட்டியான், ஆகஸ்ட் 11

சேர்க்கத்தான் வேண்டும், அண்ணா. மாமா சொல்வதையும் நான் தவறென்று சொல்ல மாட்டேன். வால்டர் டாண்டி 1937 இல் முதன்முதலாக அனியூரிசத்துக்குக் கிளிப் போட்டது பின் இணைப்பு நாடிப் பகுதியில்தான். அந்த இடம் அனுபவமுள்ள சத்திரசிகிச்சை வைத்தியருக்கு எட்டக்கூடியது. நன்றாகப் போட்ட கிளிப் நீடித்து நிற்கும், ஸ்டென்ட் வைத்தவர்கள் எடுக்கும், குருதியை இளக்கும் இரட்டைக் குளிசையும் தேவைப்படாது. கிளிப்பையும் கொயிலையும் ஒப்பிட்ட மிகப் பெரிய ஆய்வு 2002 இல் வெளியான ஐசாட். அதில் 2143 பேர் பங்கேற்றார்கள். ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் கொயில் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேராகவும், கிளிப் பிரிவில் ஏறத்தாழ 31 பேராகவும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அனைவருக்கும் அனியூரிசம் ஏற்கனவே வெடித்திருந்தது. வெடிக்காத, அகன்ற கழுத்துள்ள ஒன்றைப் பற்றி அந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த எண்ணைக் காட்டி யாராவது உங்களை வற்புறுத்தினால், தங்கச்சி, இதைக் கேளுங்கள்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கு மூளையில் அனியூரிசம் இருக்கிறது, பெரும்பாலானவை வெடிப்பதில்லை. ஆகவே எதுவும் செய்யாமல் கண்காணிப்பதும் முறையான ஒரு தெரிவே. 2014 இல் வெளிவந்த வெடிக்கும் வாய்ப்பை மதிப்பிடும் ஃபேசஸ் என்ற புள்ளிக் கணக்கை வைத்துப் பார்ப்போம். குருதி அமுக்கத்துக்கு 1, வயது 70 ஆகாததால் 0, 7 மி.மீ.க்கு மேல் 10 மி.மீ.க்குள் இருப்பதால் 3, பின் இணைப்பு நாடி என்பதால் 4, மொத்தம் 8. இதற்கு ஐந்தாண்டில் வெடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 3.2. வெடித்தால் மூன்றில் ஒருவராவது உயிரிழக்கிறார்; பிழைப்பவர்களில் பலருக்குக் குறை தங்குகிறது. மறுபக்கத்தில், வெடிக்காத அனியூரிசத்துக்குச் செய்யும் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்த 2019 ஆம் ஆண்டு ஆய்வொன்றில், நாடிக்குள்ளால் செய்பவற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பேருக்கும், திறந்து செய்பவற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பேருக்கும் சிக்கல் வந்திருக்கிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள், சிகிச்சையின் ஆபத்துத்தானே பெரிது என்று உடனே முடிவு கட்டுகிறார்கள். சிகிச்சையின் ஆபத்து ஒரே நாளில் வந்து போவது. வெடிப்பின் ஆபத்து ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போவது. 58 வயதில் நிற்கும் உங்கள் அம்மாவுக்கும் 80 வயதில் நிற்கும் ஒருவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. அத்துடன் ஃபேசஸுக்கான தரவுகள் ஐரோப்பா, வட அமெரிக்கா, யப்பான் ஆகியவற்றிலிருந்து வந்தவை. நம்மவர்கள் அதில் இல்லை. பையின் மேல் இன்னொரு சிறு முளை இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்கும் மூளையில் குருதிக் கசிவு வந்ததா என்பவற்றையும் அது கேட்பதில்லை. வைத்தியரிடம் நீங்கள் கேளுங்கள்.

நெறியாளர், ஆகஸ்ட் 11

மேலே ஒரு பதிவிலிருந்து தனியார் வைத்தியசாலையொன்றின் பெயரும் கட்டண விபரமும் நீக்கப்பட்டுள்ளன.

பருத்தித்துறைக் காற்று, ஆகஸ்ட் 12

நான் நோயாளியாகப் பேசுகிறேன். 2022 பெப்ரவரியில் எனக்கு ஸ்டென்டும் நான்கு கொயில்களும் வைத்தார்கள். சிகிச்சை அன்று நான் உறங்கிக் கிடந்தேன். என் பாடு தொடங்கியது வீடு வந்த பிறகுதான்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்று இரண்டு குளிசைகள். குளோபிடோகிரெல் ஆறு மாதம், ஆஸ்பிரின் வைத்தியர் நிறுத்தச் சொல்லும் வரை. மே மாதமளவில் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் போகும் கிளினிக்கில் குளோபிடோகிரெல் இல்லை என்றார்கள். அடுத்த வாரம் வாருங்கள் என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார்கள். கையில் மூன்று நாளைக்குத்தான் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. பருத்தித்துறையில் தொடங்கி நெல்லியடி வரை சைக்கிளில் பார்மசி பார்மசியாக ஏறி, கடைசியில் ஒரு கடையில் பத்துக் குளிசை கிடைத்தது. அந்தக் கடைக்காரர், ஒரு வாரம் விட்டால் என்ன ஐயா, கொழுப்புக் குளிசை மாதிரித்தானே என்றார். நான் எதுவும் சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தங்கச்சி, ஸ்டென்டுக்குச் சம்மதிக்கும் முன், ஆறு மாதத்துக்கும் குளிசை தடையின்றிக் கிடைக்குமா என்று பாருங்கள். குறைந்தது ஒரு மாதக் குளிசை எப்போதும் வீட்டில் கூடுதலாக இருக்கட்டும்.

உடுப்பிட்டியான், ஆகஸ்ட் 12

பருத்தித்துறை அண்ணா எழுதியதை என் நோயாளிகளுக்கு வாசித்துக் காட்ட ஆசைப்படுகிறேன். நாடிக்குள் வெறும் உலோகம் கிடக்கும் வரை குருதித் தட்டுக்கள் அதில் ஒட்டிக் கட்டி பிடிக்கப் பார்க்கும். உட்தோல் படர மாதங்கள் ஆகும். அதுவரை ஸ்டென்டைத் திறந்து வைத்திருப்பது குளிசைகள்தான்; ஆகவே ஸ்டென்ட் சிகிச்சையின் மறுபாதி வீட்டில் நடக்கிறது என்று நான் சொல்வதுண்டு. வெடித்த அனியூரிசத்துக்கு இயன்றவரை ஸ்டென்டைத் தவிர்ப்பதும் இதனால்தான்: குருதி கசிந்துகொண்டிருக்கும் மூளையில், மண்டைக்குள் வடிகுழாய் வைக்க வேண்டியிருக்கும் நேரத்தில், இரண்டு குளிசைகளைக் கொடுப்பது கத்தி முனையில் நடப்பது போன்றது. அப்படிப்பட்ட வேளைகளில் கழுத்தின் குறுக்கே பலூனை ஊதிப் பிடித்துக்கொண்டு கொயில் நிரப்பி, பிறகு பலூனை எடுத்துவிடுவார்கள். உங்கள் அம்மாவுக்கும் பலூன் போதுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. இப்போது கேட்பதற்குக் காலம் இருக்கிறது, வெடித்த பிறகு இராது.

மானிப்பாய் அக்கா, ஆகஸ்ட் 13

குளிசைப் பேச்சு வந்ததால் எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நம்மூரில் குளிசை கூடினால் வயிறு எரியும் என்று சொல்லி ஒமெப்ரசோலையும் சேர்த்து எழுதுவது வழக்கம். குளோபிடோகிரெல் ஈரலில் மாற்றமடைந்த பிறகுதான் வேலை செய்யும். அந்த மாற்றத்தை ஒமெப்ரசோல் தடுக்கிறது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009 இலேயே இது பற்றி எச்சரித்தது. வயிற்றுக்குப் பன்டோபிரசோல் தரலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். ஒமெப்ரசோல் இல்லாமலே சிலருக்குப் பிறவியிலேயே இந்த மாற்றம் குறைவாக நடக்கும். தெற்காசியரிடையே அப்படிப்பட்டவர்கள் கணிசமானோர். சில இடங்களில் சிகிச்சைக்கு முன் குருதியைச் சோதித்து, குளிசை பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். வசதி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது டெங்கு. மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கு வரும். டெங்கில் குருதித் தட்டுக்கள் குறையும். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் குருதிக் கசிவைக் கூட்டும் என்பதால், காய்ச்சலென்றால் அதைக் கொடுக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறோம். ஸ்டென்ட் வைத்தவருக்கோ அதைச் சட்டென்று நிறுத்தினால் கட்டி பிடிக்கும். ஆகவே காய்ச்சல் வந்தால் வீட்டிலிருந்து முடிவெடுக்க வேண்டாம். முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய், மூளையில் ஸ்டென்ட் இருக்கிறது என்று சேர்க்கும்போதே சொல்லி, கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். முழங்கால் வலிக்கென்று டைக்ளோபினாக் வாங்கிப் போடுவதையும் மறந்துவிட வேண்டும். பல் பிடுங்குவதென்றாலும் குளிசையைத் தாமாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

வேலணையான், ஆகஸ்ட் 13

சுருட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! புகைத்தலும் குருதி அமுக்கமும் அனியூரிசத்தை வளர்த்து வெடிக்கவும் வைக்கும் என்று என் மனைவிக்குச் சிகிச்சையளித்தவர் சொன்னார். மனைவி புகைப்பதில்லை, ஐம்பது வருடம் புகைத்த என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அன்றோடு விட்டேன். ஸ்டென்ட் விடயத்தில் என் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை, ஆனால் முன்போல அடித்துச் சொல்ல மாட்டேன்.

இணுவில் பெறாமகன், ஆகஸ்ட் 14

அக்கா, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறதே, அங்கே போகலாம் என்று யோசிக்கவில்லையா? எங்கள் சித்தப்பா அங்கேதான் செய்தார். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் மூளைக்குள் இருக்கும் உலோகம் சத்தம் போடுமென்று பயந்தார், ஒன்றும் நடக்கவில்லை.

உடுப்பிட்டியான், ஆகஸ்ட் 14

சத்தம் போடாது, அவ்வளவு சிறிய அளவு. எம்.ஆர்.ஐ. எடுக்கவும் பொதுவாகத் தடையில்லை. ஆனால் வைத்த ஸ்டென்டின் பெயரும் வகையும் எழுதிய அட்டையைத் தருவார்கள், அதைக் காட்டிய பிறகே எடுக்க வேண்டும். சென்னையோ கொழும்போ, எங்கே செய்தாலும் ஆறாம் மாதப் பரிசோதனையை யார் செய்வார், பழைய படங்கள் அவரிடம் இருக்குமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பிடப் பழைய படம் இல்லாவிட்டால், கழுத்தில் தெரியும் சிறு நிரம்பல் புதிதா பழையதா என்று யாராலும் சொல்ல முடியாது. படங்களைக் குறுந்தட்டில் கேட்டு வாங்குங்கள். எழுத்து அறிக்கை மட்டும் போதாது.

மானிப்பாய் அக்கா, ஆகஸ்ட் 15

செலவு பற்றி ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். ஜனாதிபதி நிதியத்திலிருந்து மருத்துவ உதவி பெற விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்கு முன்பே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

சுன்னாகத்து மகள், ஒக்ரோபர் 6

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்னவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வைத்தியரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, தாளை வாங்கி வாசித்தார். பையின் மேல் ஒரு சிறு முளை இருப்பதைப் படத்தில் காட்டினார். தம்பி அதைக் கண்ட பிறகு எதுவும் பேசவில்லை. பலூனைப் பற்றிக் கேட்டதற்கு, கழுத்தின் ஒரு பக்கம் நாடிச் சுவரே பையாக மாறியிருப்பதால், பலூனை எடுத்ததும் கொயில் சரியக்கூடும் என்றார். கிளிப்புக்கு இன்னொரு வைத்தியரின் கருத்தையும் கேட்கலாம் என்று அவரே கடிதம் தந்தார். அந்த இரண்டாம் வைத்தியர் பார்த்துவிட்டு, இரண்டும் செய்யலாம், அம்மா எதை விரும்புகிறார் என்று கேட்டார். அதுவரை அம்மாவை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தலையைத் திறக்க வேண்டாம், குளிசை என்றால் நான் ஒழுங்காகப் போடுவேன் என்று அம்மா சொன்னார்.

ஐந்து நாள் முன்னதாகவே இரண்டு குளிசைகளையும் தொடங்கி, செப்ரெம்பர் கடைசி வாரத்தில் ஒரு ஸ்டென்டும் ஆறு கொயில்களும் வைத்தார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. தொடையில் உள்ளங்கையளவு கன்றிப்போய் இப்போது மஞ்சளாகிவிட்டது. தலையிடி நான்கு நாள் இருந்தது. யாழ்தேவியில் ஊருக்கு வந்தோம்.

இனி ஒரு புதுச் சிக்கல். கந்தசஷ்டி வருகிறது. அம்மா முப்பது வருடமாக ஆறு நாளும் உபவாசம் இருப்பவர். கடைசி நாளில் தண்ணீரும் குடிப்பதில்லை. முருகன் காப்பாற்றியதற்கு இந்த வருடம் பிடிக்காமல் விட முடியாது என்கிறார். என்ன சொல்வது?

மானிப்பாய் அக்கா, ஒக்ரோபர் 6

தண்ணீரில்லாத நாள் கூடவே கூடாது, தங்கச்சி. உடலில் நீர் வற்றினால் குருதி தடிக்கும்; புது ஸ்டென்டுக்கு அதுதான் பகை. வெறும் வயிற்றில் ஆஸ்பிரின் போட்டால் இரைப்பையில் புண் வரவும் இடமுண்டு. பாலும் பழமும் எடுத்து விரதம் இருப்பவர்கள் நல்லூரிலேயே எத்தனையோ பேர். காலையில் ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம், பிறகு குளிசை. பகல் முழுதும் தண்ணீரோ இளநீரோ குடிக்கட்டும். குருதி அமுக்கக் குளிசையும் எடுப்பதால், ஆறு நாளுக்கு இப்படிச் சாப்பிடலாமா என்று கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சுன்னாகத்து மகள், ஒக்ரோபர் 8

கிளினிக்கில் கேட்டேன், பாலும் பழமும் சரி, தண்ணீர் குறையக் கூடாது என்றார்கள். அம்மா பாதி மனதோடு சம்மதித்திருக்கிறார். குளிசைப் பெட்டி இப்போது சாமியறையில், திருநீற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.